நகர மையத்திற்கு ஒரு பொதுக் கொதிகலன்: சாத்தியத்தை எடைபோடும் கணக்கு

குளிர்நாடுகளில் ஆண்டின் பாதி மாதங்களுக்குக் கட்டடங்களைச் சூடேற்றியே வாழ வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனிக் கொதிகலன் உண்டு. சில நகரங்களிலோ ஒரே நிலையத்தில் நீரைச் சூடாக்கி, வெப்பக் காப்பிட்ட குழாய்களில் தெருவுக்கு அடியில் செலுத்தி, மருத்துவமனை, அலுவலகம், கடை, குடியிருப்பு அனைத்திற்கும் வழங்குகின்றனர். கட்டடத்திலுள்ள வெப்பப் பரிமாற்றி அச்சூட்டைப் பெற்றுக்கொள்கிறது. ஆறிய நீர் மற்றொரு குழாய் வழியாக நிலையத்திற்குத் திரும்புகிறது. இவ்வமைப்பை வட்டார வெப்ப வலையமைப்பு என்பர். 1877ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹாலி என்பவர் நீராவியைக் கொண்டு இதனை வணிக முறையில் தொடங்கினார்.

இத்தகைய திட்டத்தில் முதலீட்டின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே மண்ணுக்குள் போய்விடுகிறது. வருமானமோ முப்பது, நாற்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் திரும்புகிறது. புதைத்த குழாயைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் விற்க இயலாது. எனவே, மண்ணைத் தோண்டுமுன் தாளில் போடும் கணக்கே திட்டத்தின் தலைவிதியை முடிவு செய்கிறது. நீண்டகால முதலீடு எதனையும் மதிப்பிட விரும்புவோர்க்கு இக்கணக்கு நல்லதொரு பாடம்.

சவுத்தாம்டன் தரும் முதற்பாடம்

இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுக நகரம் சவுத்தாம்டன். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மாற்று எரிசக்தியைத் தேடிய பிரிட்டிஷ் அரசு, 1980களின் தொடக்கத்தில் அங்கு சுமார் 1.8 கிலோமீட்டர் ஆழத்திற்கு ஒரு கிணறு தோண்டியது. ஏறத்தாழ 76 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உப்புநீர் கிடைத்தது. ஆயினும், நீர்த்தேக்கம் எதிர்பார்த்த அளவுக்குப் பெரியதன்று என்று கருதி அரசுத் துறை திட்டத்திலிருந்து விலகியது.

நகர மன்றம் அக்கிணற்றைக் கைவிடவில்லை. ஒரு தனியார் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1986இல் வெப்ப வலையமைப்பைத் தொடங்கியது. மன்றத்தின் சொந்தக் கட்டடமான சிவிக் சென்டரே முதல் வாடிக்கையாளர். பின்னர் மருத்துவமனை, பல்கலைக்கழகம், விடுதிகள், வெஸ்ட்கீ வணிக வளாகம் எனப் பலரும் இணைந்தனர். தேவை வளர வளர, மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே தரும் எந்திரங்கள் சேர்க்கப்பட்டன. குளிர்நீர் வழங்கலும் தொடங்கியது. மொத்த வழங்கலில் கிணற்றின் பங்கு காலப்போக்கில் சிறுத்தது, வலையமைப்போ பெருகியது.

வெப்ப மூலத்தைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். இன்று எரிவாயு, நாளை வெப்பப் பம்பு என்று நிலையத்திற்குள் எதனையும் பொருத்தலாம். வாங்குவோர் அருகருகே இல்லாத ஊரில் எத்துணைச் சிறந்த மூலம் கிடைப்பினும் திட்டம் நிலைக்காது. ஆகவே, சாத்தியக்கூறு ஆய்வு வாங்குவோரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

படி 1: தேவையை வரைபடத்தில் குறித்தல்

ஒரு கற்பனை நகர மையத்தை எடுத்துக்கொள்வோம். வெப்பத்தை மெகாவாட் மணியில் அளக்கலாம். ஒரு மெகாவாட் மணி என்பது நம் மின்கட்டண ரசீதிலுள்ள 1,000 யூனிட்டுக்குச் சமம். ஆண்டுத் தேவை வருமாறு:

மருத்துவமனை – 6,000
நீச்சல்குளத்துடன் கூடிய விளையாட்டரங்கம் – 2,000
கல்லூரி – 1,800
விடுதியும் கடைகளும் – 1,500
300 அடுக்குமாடி வீடுகள் – 1,500
நகர மன்ற அலுவலகங்கள் – 1,200
மொத்தம் – 14,000 மெகாவாட் மணி

இவ்விவரங்களை மதிப்பீட்டு நூல்களிலிருந்து எடுப்பதைவிட, குறைந்தது மூன்று ஆண்டுகளின் எரிபொருள் ரசீதுகளிலிருந்து திரட்டுவதே பாதுகாப்பானது. கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டு, சுவர்களுக்கு வெப்பக் காப்பு இடப்பட்டால் வருங்காலத் தேவை குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எவ்வளவு தேவை என்பதோடு, எந்நேரத்தில் தேவை என்பதும் முக்கியம். அலுவலகத்திற்குக் காலையிலும், வீடுகளுக்கு மாலையிலும், மருத்துவமனைக்கு இரவு பகலாகவும் வெப்பம் தேவை. எல்லோருடைய உச்சத் தேவையும் ஒரே நிமிடத்தில் எழுவதில்லை. ஆதலால், தனித்தனிக் கொதிகலன்களின் கூட்டுத்திறனைவிடக் குறைந்த திறனே பொது நிலையத்திற்குப் போதும். அடிப்படைத் தேவைக்கு விலையுயர்ந்த, ஆனால் சிக்கனமாக இயங்கும் எந்திரம். கடுங்குளிர் நாள்களுக்கு மலிவான துணைக் கொதிகலன் என்று பிரித்து அமைப்பதே வழக்கம்.

படி 2: குழாயின் நீளத்தால் வகுத்தல்

ஓராண்டில் விற்கும் வெப்பத்தைக் குழாய்த்தடத்தின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது ‘நீள வெப்ப அடர்த்தி’. முதற்பார்வையில் திட்டத்தின் நலத்தைக் காட்டும் எண் இதுவே.

நம் நகர மையத்திற்கு 3,500 மீட்டர் தடம் தேவை எனக் கொள்வோம். 14,000ஐ 3,500ஆல் வகுத்தால் மீட்டருக்கு 4 மெகாவாட் மணி. அருகிலுள்ள புறநகரின் 600 தனி வீடுகளையும் இணைக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அவற்றின் தேவை 6,000; ஆனால் தடம் 7,000 மீட்டர். அடர்த்தி 0.86 மட்டுமே.

குழாயின் வெப்ப இழப்பு அதன் நீளத்தையும் நீரின் வெப்பநிலையையும் பொறுத்தது. விற்பனை குறைந்தால் இழப்பு குறைவதில்லை. ஆண்டுக்கு மீட்டருக்கு 0.2 மெகாவாட் மணி இழப்பு எனக் கொண்டால், நகர மையத்தில் 700, அதாவது விற்பனையில் 5 விழுக்காடு. புறநகரில் 1,400, அதாவது 23 விழுக்காடு. வலையமைப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்த வகுத்தல் சொல்லிவிடுகிறது.

படி 3: வாடிக்கையாளரின் மாற்று வழியை விலையிடுதல்

இணைவதற்கு ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டுமாயின், தற்போதைய வழியைவிட அவருக்கு இது மிகையான செலவாக இருத்தல் கூடாது. ஒப்பிடும்போது எரிவாயுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கொதிகலனின் தேய்மானம், பராமரிப்பு, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றும் செலவு, அது பிடித்துக்கொள்ளும் இடம் ஆகிய அனைத்தையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையே வெப்ப விலையின் மேல்வரம்பு.

படி 4: தற்போதைய மதிப்புக்குக் கொணர்தல்

எளிமைக்காக, குழாய், நிலையம், இணைப்புகள் அனைத்திற்கும் 1 கோடி பவுண்டு செலவு என்றும், எரிபொருளும் இயக்கச் செலவும் போக ஒரு மெகாவாட் மணிக்கு 50 பவுண்டு எஞ்சும் என்றும் கொள்வோம். ஆண்டு வரவு 7 லட்சம். காலம் 30 ஆண்டுகள்.

பொதுத் திட்டங்களுக்குப் பிரிட்டிஷ் நிதித்துறை பயன்படுத்தும் 3.5 விழுக்காட்டுத் தள்ளுபடி விகிதத்தில் இவ்வரவுகளின் தற்போதைய மதிப்பு சுமார் 1.287 கோடி. முதலீடு போக 28.7 லட்சம் மிச்சம். தனியார் முதலீட்டாளர் 8 விழுக்காடு எதிர்பார்த்தால் மதிப்பு சுமார் 78.8 லட்சமாகச் சுருங்குகிறது. 21 லட்சத்திற்கு மேல் பற்றாக்குறை. குழாயும் வெப்பமும் அவையே. பணத்தின் விலை மட்டுமே மாறியிருக்கிறது. இத்தகைய திட்டங்களில் நகராட்சிகளின் பங்கேற்பு பெரிதாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

படி 5: கணக்கைச் சோதித்தல்

நல்ல ஆய்வு, ‘தவறினால் என்ன?’ என்று கேட்டுப் பார்க்கும். 3.5 விழுக்காட்டிலேயே மூன்று சோதனைகள்:

மருத்துவமனை இணையாவிடில் விற்பனை 8,000; ஆண்டு வரவு 4 லட்சம்; தற்போதைய மதிப்பு 73.6 லட்சம். தடம் 800 மீட்டர் குறைந்து, நிலையமும் சிறுத்து, முதலீடு 80 லட்சமானாலும் திட்டம் நட்டத்தில் விழுகிறது.

பாதி வாடிக்கையாளர் ஐந்தாண்டு தாமதமாக இணைந்தால், 28.7 லட்சமாக இருந்த மிச்சம் 12.9 லட்சமாகிவிடுகிறது. ஒருவரும் விலகவில்லை, காலம் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட ஆதாயத்தைத் தின்றுவிட்டது.

புறநகரையும் சேர்த்தால், அங்கிருந்து வரும் வருமானத்தின் மதிப்பு சுமார் 55 லட்சம். மீட்டருக்கு 1,500 பவுண்டு வீதம் குழாய்க்கு மட்டுமே 1.05 கோடி. பரந்த மனத்தோடு எடுக்கும் அம்முடிவு நகர மையத்தின் ஆதாயத்தையும் விழுங்கிவிடும்.

ஆகவே, கடன் வழங்குவோர் முதலில் கேட்கும் ஆவணம் எந்திர வரைபடமாக இருப்பதில்லை. நங்கூரம்போல் திட்டத்தை நிலைநிறுத்தும் பெரிய வாடிக்கையாளரின் கையொப்பமிட்ட நீண்டகால ஒப்பந்தமே அது.

டென்மார்க் கண்ட வழி

இணைப்பு உறுதியின்மையை டென்மார்க் சட்டத்தால் எதிர்கொண்டது. 1973 எண்ணெய் நெருக்கடியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட அந்நாடு, 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றியது. எந்தப் பகுதிக்குக் குழாய் வெப்பம், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று நகராட்சிகள் திட்டமிட்டன. இணைவதைக் கட்டாயமாக்கும் அதிகாரமும் நீண்டகாலம் அவற்றிடம் இருந்தது. அடக்கச் செலவுக்கு மேல் விலை வைக்கலாகாது என்பதும் விதி. நகராட்சி உத்தரவாதத்தின் பேரில் கொம்யூனகிரெடிட் என்னும் நிறுவனம் குறைந்த வட்டியில் கடன் அளிக்கிறது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குழாய் வெப்பத்தையே பயன்படுத்துகின்றன.

உறுதியான சந்தைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இணைந்த குடும்பம் வேறு வழங்குநரிடம் மாற இயலாது. விலை ஏறினாலும், குளிர்காலத்தில் வழங்கல் தடைப்பட்டாலும் அது தாங்கிக்கொள்ள வேண்டியதே. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2018இல் இத்துறையை ஆராய்ந்து, ஒழுங்குமுறை தேவை எனப் பரிந்துரைத்தது. 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. வாடிக்கையாளர் பாதுகாப்பை ஏட்டில் சேர்க்காத ஆய்வு முழுமையான ஆய்வாகாது.

நம் நாட்டில்

நம் நகரங்களுக்குத் தேவை குளிர்ச்சி. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஒரே நிலையத்தில் குளிர்விக்கப்பட்ட நீர் குழாய் வழியே பல கட்டடங்களுக்குச் செல்கிறது. நாட்டின் முதல் நகர அளவிலான வட்டாரக் குளிர்விப்பு அமைப்பு அது. குழாயில் ஓடுவது சூடானாலும் குளிரானாலும் கணக்கு மாறுவதில்லை. கட்டடங்கள் எழ எழ நிலையத்தின் திறனைப் படிப்படியாகக் கூட்டுவது, மேலே கண்ட தாமதச் சோதனைக்குத் தக்க விடை.

அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டுச் சூரிய மின்திட்டம், தொழிற்பேட்டையின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என எந்தப் பொது முதலீட்டிற்கும் இவ்வைந்து வினாக்களைப் பயன்படுத்தலாம்:

1. தேவை அளந்து அறியப்பட்டதா, ஊகமா?
2. விரிவாக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் செலவைத் தானே ஈடுகட்டுகிறதா?
3. பங்கேற்பவரின் மாற்று வழியைவிட இது உண்மையில் சிக்கனமா?
4. மிகப் பெரிய பங்கேற்பாளர் விலகினாலும், மற்றவர் தாமதித்தாலும் கடனைத் திருப்பிச் செலுத்த முடியுமா?
5. பின்வாங்க இயலாத நிலையிலுள்ள எளியவருக்கு என்ன பாதுகாப்பு?

ஐந்திற்கும் எழுத்து வடிவில் விடை கிடைத்த பின்னர் மண்வெட்டியை எடுக்கலாம்.