மாலத்தீவுக் கடலில் என்ன உடுத்திக் குளிப்பது?

கேள்வி: மகளும் மருமகனும் எங்களை மாலத்தீவுக்குக் கூட்டிப்போகிறார்கள். மாஃபுஷி தீவில் தங்குகிறோம். முஸ்லிம் நாடு என்கிறார்கள். படங்களிலோ எல்லாரும் அரைகுறை உடையில் குளிக்கிறார்கள். நாங்கள் எப்படிக் கடலில் இறங்குவது?
– வாசகி, இடைசெவல்

பதில்: இரண்டுமே உண்மைதான். முஸ்லிம் நாடு என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் குழப்பந்தான் வரும். துபாய் கடற்கரையில் பிகினிக்குத் தடையில்லை. மாஃபுஷி ஊர்க்கரையில் உண்டு. மாலத்தீவுக்குள் மட்டும், கரையை ஒட்டி ஊர் இருக்கிறதா என்று பாருங்கள், விஷயம் தெளிந்துவிடும். மாலத்தீவில் 1972-ல் குரும்பா விடுதி திறந்ததிலிருந்து பல பத்தாண்டுகள், சுற்றுலா பெரும்பாலும் ஆளில்லாத தீவுகளுக்குள்ளேயே நடந்தது. தீவுக்கு ஒரு விடுதி. அங்கே மதுவும் பிகினியும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்துவதற்கு ஊரே இல்லையே! 2009-க்குப் பிறகுதான் மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் பெருகின. பாங்கு ஒலிக்கிற, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற தெருமுனையிலேயே வெளியூர்க்காரர்கள் குளிக்க வந்தார்கள். அதனால் ஒரு துண்டுக் கரையை மறைத்து, 'பிகினி பீச்' என்று ஒதுக்கிவிட்டார்கள். மற்ற கரையிலும் தெருவிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஊர்த்தீவில் மது கிடையாது.

இது இரட்டை வேடம்தானே என்று கேட்கலாம். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் இந்த ஏற்பாட்டால்தான் ஊர்க்காரர்களும் நாலு அறை கட்டிச் சுற்றுலாவில் பிழைக்க முடிகிறது. காசு கொடுத்து வருகிறவர் ஏன் கட்டுப்பட வேண்டும் என்றால், அவர் வாடகை கொடுத்தது அறைக்கு மட்டுந்தான். உடை விஷயத்தில் இஸ்லாம்தான் இப்படி அதட்டும் என்பதும் சரியில்லை. 2016-ல் பிரான்சின் கான் முதலிய ஊர்கள், உடலை மூடும் புர்க்கினியைக் கடற்கரையில் தடை செய்தன; வில்நெவ்-லூபே ஊரின் தடையை அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

உங்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. திருச்செந்தூரில் சேலையோடு கடலாடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, மாஃபுஷிப் பெண்கள் உடுத்திய உடையோடு குளிப்பது புதுமையில்லை. ஆனால் நீங்கள் சேலையோடு இறங்க வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றும். கிணற்றில் நீந்திப் பழகியவர்களையும் கடல் நீரோட்டம் இழுத்துவிடும். நைலான் லெக்கின்ஸும் முழுக்கை நீச்சல் சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்கள் முழங்கால்வரை வருகிற அரைக்கால் சட்டை போடட்டும். குளித்த ஈரத்தோடு, வெற்றுடம்போடு கடைத்தெருப் பக்கம் போகக்கூடாது என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவையுங்கள்.