பயன்படுத்திய நீர் எங்கே போகிறது?

1963ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கடும் வறட்சி ஏற்பட்டது. நீர்த்தேக்கங்கள் வற்றத் தொடங்கியதால், ஏறத்தாழ பத்து மாதங்களுக்குத் தண்ணீர் பங்கீடு செய்யப்பட்டது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் மக்கள் வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டனர்.

சிறிய தீவான சிங்கப்பூர், மழையையும் மலேசியாவிலிருந்து வாங்கும் நீரையும் மட்டுமே நம்பியிருக்க முடியாது. எனவே, பொதுப் பயனீட்டுக் கழகம் பயன்படுத்திய நீரையும் ஒரு வளமாகக் கருதியது.

சமையலறை, குளியலறை, கழிவறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீர், நிலத்தடிக் குழாய்களின் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. அங்குச் சுத்திகரிக்கப்பட்ட நீர், மேலும் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில், நுண்வடிகட்டிகள் மிகச் சிறிய துகள்களை அகற்றுகின்றன. அடுத்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரில் கரைந்துள்ள உப்புகள் நீக்கப்படுகின்றன, கிருமிகளும் தடுக்கப்படுகின்றன. இறுதியாக, புற ஊதாக் கதிர்கள் நீரின் தூய்மையை உறுதிசெய்கின்றன. இவ்வாறு கிடைப்பதே ‘புதுநீர்’. 2003ஆம் ஆண்டுமுதல் விநியோகிக்கப்படும் இந்நீர், பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. வறண்ட காலங்களில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கப்படுகிறது. அந்நீர் மீண்டும் சுத்திகரிக்கப்பட்டு வீடுகளுக்கு வருகிறது.

இந்தச் சுழற்சி தடையின்றி நடைபெற, குடியிருப்பாளர்களின் ஒத்துழைப்பும் தேவை. கழுவுதொட்டியில் ஊற்றப்படும் எண்ணெய் குழாய்களில் படிந்து உறைகிறது. கழிவறையில் போடப்படும் ஈரத் துடைப்புத் தாள்கள் எளிதில் கரைவதில்லை. அவை குழாய்களை அடைத்துவிடுகின்றன. அடைப்பு ஏற்பட்டால் கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே பொங்கி வரக்கூடும். எனவே, பழைய எண்ணெயையும் துடைப்புத் தாள்களையும் குப்பைத்தொட்டியில் போடுவதே நல்லது. இன்று வெளியேறும் நீர், நாளை மீண்டும் பயன்படப்போகும் நீர் அல்லவா?