யமுனைக் கரையில் ஒரு மாலை

கேள்வி: ஜனவரியில் டெல்லி போகிறோம். அதிகம் செலவில்லாமல் சாப்பிட்டு, ஆற்றங்கரையில் காற்று வாங்க இடம் உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: உண்டு. ஆனால் காவிரிப் படித்துறையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வஜீராபாத் தடுப்பணையைத் தாண்டியதுமே நஜஃப்கர் சாக்கடை யமுனையில் கலந்துவிடுகிறது. பார்க்கலாம், காலை நனைக்க வேண்டாம்.

விதான் சபா மெட்ரோவில் இறங்கி, பேட்டரி ரிக்‌ஷாவில் மஜ்னு கா டில்லா போங்கள். 1960களில் திபெத்திய அகதிகள் குடியேறிய ஆற்றோரக் காலனி அது. சந்தில் நுழைந்தால் லாஃபிங் விற்பவர்கள் இருப்பார்கள். வழுவழுப்பான மஞ்சள் மாவுத் தகட்டை விரித்து, மிளகாய் விழுதும் பூண்டுத் தண்ணீரும் தடவி, பாய் போலச் சுருட்டி நறுக்கித் தருவார்கள். ஜில்லென்று இருக்கும், ஆனால் காதில் புகை வரும்! குழந்தைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லிவிடுங்கள். செலவே வேண்டாமென்றால் பக்கத்து குருத்வாராவில் லங்கர் என்னும் இலவசச் சாப்பாடு உண்டு. தலையை மூடிக்கொள்ள ஒரு துணி போதும்.

பிறகு காஷ்மீரி கேட் பக்கம் யமுனா காட் படித்துறைக்குப் போய்ப் படகு ஏறலாம். குளிர்காலத்தில் வலசை வரும் கடற்காகங்கள் படகைச் சுற்றி மொய்க்கும். விடியற்காலையே அழகு, மாலையென்றால் 2024இல் திறந்த வாசுதேவ் காட்டின் புல்வெளியில் உட்காரலாம். படகுக்காரரிடம் ஏறும் முன்பே பேரம் பேசிவிடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.