புது ஆசிரியரிடம் எதை வாசிப்பது?

கேள்வி: சில ஆண்டுகள் வயலின் கற்ற என் மகள் புது ஆசிரியரிடம் சேர்கிறாள். முதல் வகுப்பில் வாசிக்கப் பெரிய கிருதி ஒன்றைத் தயார் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. நன்றாகப் பாடமான வர்ணம் ஒன்று போதும். பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணம் ‘நின்னுகோரி’ தெரிந்தால் அதையே இரண்டு காலத்திலும் வாசிக்கட்டும். வில் ஓட்டம், தாளக்கட்டு, கமகம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது, ஐந்தே ஸ்வரங்கள். விரல் கொஞ்சம் பிசகினாலும் காதில் விழும். விழட்டும், ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதே அதுதான். தனக்கு வராத இடம் எது என்பதையும் அவளே சொல்லட்டும். சுருதியை வீட்டிலேயே நீங்கள் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் முன்னால் அவளே சேர்க்கட்டும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை கேட்டால், மகிழ்ச்சியோடு வாசிக்கச் சொல்லுங்கள்.