உதவிப்பணமும் உலையரிசியும்

கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டதால் பல குடும்பங்கள் நிலையான மாதச் சம்பளத்தை இழந்தன. இத்தகைய குடும்பங்களுக்குச் சிறு தொகையும் தவறாது கிடைப்பின் பெருந்துணையாகும். கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமித் திட்டம், தகுதியுடைய குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்க வகை செய்தது.

ஆயினும் பணத்தின் மதிப்பு அது வாங்கும் பொருளின் அளவே ஆகும். அன்னபாக்யத் திட்டத்தில் 2023 ஜூலை முதல், கூடுதலாக அளிக்க வேண்டிய 5 கிலோ அரிசிக்கு ஈடாக ஒருவருக்கு 170 ரூபாய் அளிக்கப்பட்டது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு இது 680 ரூபாய். கடையில் அரிசி கிலோ 40 ரூபாயாயின், 20 கிலோவுக்குப் பதில் 17 கிலோவே கிட்டும். 2025 பிப்ரவரியில் பணத்திற்கு மாற்றாக அரிசியே வழங்க அரசு முடிவு செய்தது.

எனவே களப்பணியாளர் தொகையுடன், அது கிடைத்த நாளையும் அன்றைய அரிசி விலையையும் குறித்தல் வேண்டும். ஆசிரியர் இக்கணக்கை மாணவர்க்குப் பயிற்சியாக அளிக்கலாம்.