வட்டமா, வட்டாரமா? உழவர் அறிய வேண்டிய நிர்வாகப் பிரிவுகள்

விதை நெல் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், பட்டா மாற்றம் கேட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் சென்று, ஒரு நாள் வேலையை இழந்து திரும்பும் உழவர்கள் உண்டு. ‘வட்டம்’, ‘வட்டாரம்’ என்ற இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஒலிப்பதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். ஒரே வயல் இரண்டு வகை நிர்வாகப் பிரிவுகளுக்கு உட்பட்டிருக்கிறது. எந்த வேலைக்கு எந்தப் பிரிவு என்று தெரிந்துகொண்டால் அலைச்சலும் நட்டமும் குறையும்.

வருவாய்ப் பிரிவுகள்

நிலவரி வசூலுக்காக ஆங்கிலேயர் ஆட்சியில் உறுதிப்பட்ட அமைப்பு இது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் உள்ளன. மாவட்டம் வருவாய்க் கோட்டங்களாகவும், கோட்டம் வட்டங்களாகவும், வட்டம் குறுவட்டங்களாகவும் (பிர்கா) பிரிகிறது. கடைசிப் படி வருவாய்க் கிராமம். இவற்றுக்கு முறையே ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோர் பொறுப்பு. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பின் வந்தவரே கிராம நிர்வாக அலுவலர்.

பட்டா, சிட்டா, அடங்கல், நில அளவை, வெள்ள வறட்சி நிவாரணம் ஆகியவற்றுக்கு இந்த வழியே செல்ல வேண்டும்.

வளர்ச்சிப் பிரிவுகள்

1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் வட்டாரங்கள் அமைந்தன. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வட்டார அளவில் ஊராட்சி ஒன்றியங்களுக்கு வழி செய்தது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தை ஒட்டி, 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்குகள் உள்ளன.

வேளாண்மைத் துறையும் வட்டார அளவிலேயே இயங்குகிறது. வேளாண்மை உதவி இயக்குநரின் அலுவலகம் வட்டாரத்துக்கு உரியது. விதை, உயிர் உரம், மானியம், பயிர் ஆலோசனை ஆகியவற்றுக்கு வேளாண்மை விரிவாக்க மையத்தையும், உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையும் அணுகவும்.

வட்டத்தின் எல்லையும் வட்டாரத்தின் எல்லையும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் ஊராட்சியில் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் அடங்கியிருக்கலாம்.

ஏரி யாருடைய பொறுப்பு?

ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதற்கு மேல் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் உள்ளன. அதற்குக் குறைந்தவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. மதகு பழுது, கரை உடைப்பு பற்றி மனு எழுதும் முன் ஆயக்கட்டின் அளவைக் கேட்டறிவது அவசியம். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு, மழைக்கு முன் உரிய இடத்தைச் சேராமல் போகலாம்.

பயிர் காப்பீட்டில் கவனம்

அதிக இழப்பு நேரக்கூடிய இடம் இதுதான். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில், பயிருக்கு ஏற்ப வருவாய்க் கிராமமோ குறுவட்டமோ காப்பீட்டு அலகாக அறிவிக்கப்படுகிறது. அந்த அலகில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி மகசூலைக் கணக்கிடுவார்கள். அது உத்தரவாத மகசூலுக்குக் குறைந்தால், அந்த அலகில் அப்பயிரைக் காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு உண்டு.

ஆகவே நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் இங்கு உதவாது. சர்வே எண் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறதோ, அந்தப் பெயரே பதிவாக வேண்டும். இரண்டு கிராமங்களில் நிலம் இருந்தால் இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும். கிராமப் பெயர் மாறிப் பதிவானால், பக்கத்து வயல்காரருக்கு இழப்பீடு கிடைத்தும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அடங்கல் நடப்புப் பசலிக்கு உரியதா என்று பாருங்கள். பிரீமியம் கட்டியதும் ரசீதில் கிராமம், சர்வே எண், பயிர், பரப்பு நான்கையும் அங்கேயே சரிபார்ப்பது நலம். பிழை இருந்தால் கடைசி நாளுக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும்.

கிராம சபையும் குறை தீர்க்கும் நாளும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும். ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குளம் தூர்வாருதல், களத்துமேடு, வயலுக்குச் செல்லும் பாதை போன்ற தேவைகளை அங்கே தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பல துறைகள் சேர்ந்து தீர்க்க வேண்டிய சிக்கலாக இருந்தால், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறை தீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது

ஒரு தாளில் சர்வே எண், உட்பிரிவு, வருவாய்க் கிராமம், குறுவட்டம், வட்டம் ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், வேளாண்மை விரிவாக்க மையம், பாசன ஏரி ஆகியவற்றை எழுதுங்கள். 2019, 2020 ஆண்டுகளில் புதிய மாவட்டங்கள் பிறந்த பகுதிகளில் உள்ளோர், பழைய ஆவணத்தில் உள்ள மாவட்ட, வட்டப் பெயர்கள் இன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தாளைப் பட்டாவுடன் சேர்த்து வைத்துக்கொண்டால், சம்பா பருவத்து நெருக்கடியில் உரிய அலுவலகத்துக்கு நேரே செல்லலாம்.