சிறார் வினாவும் சித்தாந்த அளவையும்

பொருள் கூறப் புகுமுன் அளவை கூறுதல் நம் நூன்மரபு. அருணந்தி சிவாசாரிய சுவாமிகள் சிவஞான சித்தியாரில் அளவையியலை முதற்கண் வைத்தருளியதும் அம்மரபு பற்றியே. பதி உண்டென்றும் அதன் இயல்பு இன்னதென்றும் கூறுதற்கு முன்னர், ஒன்றை உண்டென்றும் இன்றென்றும் எதனாற் றுணிதல் வேண்டும் என்பது துணியப்பட வேண்டுமன்றோ? அளவை ஆறென்பாரும், பத்தென்பாரும், அதனின் மிக்கனவென்பாரும் உளராக, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. அவற்றுட் காட்சிக்கு ஐயமும் திரிவும் குற்றமாம் என்பதும், கருதலுக்கு ஏது வழுவாதிருத்தல் வேண்டும் என்பதும் அங்கே விரித்துரைக்கப்பட்டன.

இத்துணை நுண்ணிய அளவை மரபுடைய நாம், மனையிலே மக்கட்குச் சமயம் புகட்டுங்கால் அதனை அடியோடு மறந்துவிடுகின்றோம். பொய் சொன்னாற் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்க்கப்படாத பிள்ளை தமிழ்நாட்டில் அரிது. இவ்வுரையின் விளைவை ஆராய்வாம். ஆறு வயதுப் பிள்ளை ஒருநாட் பொய் சொல்கின்றது. கண் நலமாகவே இருக்கின்றது. மறுநாளும் அவ்வாறே. ஒன்று இருக்குமாயின் காணப்பட வேண்டிய காரியம் காணப்படாமையால் அஃது இல்லையென்று துணிவது அநுபலத்தி ஏதுவாம். அப்பிள்ளை தருக்கம் ஓதாதே அவ்வேதுவைக் கையாண்டு, சாமி இல்லை, அன்றேற் பெரியோர் பொய்யர் என்னும் இரண்டனுள் ஒன்றைத் துணிகின்றது. அத்துணிவிற் பிள்ளைமேற் குற்றம் யாதுமில்லை. அருளே திருமேனியாக உடைய முதல்வனைக் கண் குத்தும் காவலனாகக் காட்டிய உரையே குற்றமுடைத்து. அவ்வுரை ஆகமத்தினும் இல்லை, திருமுறையினும் இல்லை. பதினாறாம் வயதில் அவன் கோயிற்கு வாரேன் என்னும்பொழுது, இது காலத்தின் கோலம் என்று நாம் பெருமூச்செறிகின்றோம்.

இக்காலத்தில் இவ்விடர் பெரிதாயினமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முற்றிலும் அரசின் பொருளால் நடைபெறும் கல்விநிலையங்களிற் சமயபோதனை கூடாதென்று விலக்கியது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தாற் சேர்க்கப்பட்ட 51ஏ உறுப்போ, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து வினவும் இயல்பையும் வளர்த்தல் குடிமக்கள் கடமைகளுள் ஒன்றென்றது. ஆகவே பிள்ளை பகலிற் பள்ளியில் ஏது கேட்கப் பழகுகின்றான். மாலையில் மனையில் ஏது கேளாதிருக்கப் பழக்கப்படுகின்றான். இவ்விரண்டற்கும் நடுவில் நிற்பவன் அவனே. ஆறுமுக நாவலரவர்கள் 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், பாலபாடங்களும் சைவ வினாவிடையும் இயற்றியதும் இவ்விரு கல்வியும் ஓரிடத்தே பொருந்துதற்கென்றே. ஆயினும் வினாவிடையைப் பின்வந்தோர் கையாண்ட முறை பற்றி ஒன்று கூறவேண்டும். அச்சிட்ட வினா பிள்ளையின் வினா அன்று. அதன் விடையைப் பிழையறச் சொல்லிப் பரிசில் பெற்ற சிறுவன், தன் நெஞ்சில் எழுந்த வினாவைக் கேட்டாற் குட்டுப்படுவான் என்பதையும் உடன் கற்றுக்கொள்கின்றான்.

இனி அவர்தம் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

2019-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய இடங்களிற் கங்கண சூரிய கிரகணம் தோன்றிற்று. எமக்கு அறிமுகமான ஓரில்லத்துச் சிறுவனுக்குப் பாட்டியார் இராகு விழுங்குகின்றது என்றார். பள்ளியாசிரியர் நிலாவின் மறைப்பு என்றார். எது மெய் என்று அவன் எம்மை வினவினான். ஆசிரியர் கூறியதே மெய் என்றோம். பாட்டியார் முகம் வாடிற்று. யாம் அவர்க்கும் கேட்பச் சொன்னது இது: கிரகணத்தில் நிலா சூரியனை மறைக்கும், பூமியின் நிழல் நிலாவை மறைக்கும் என்பதை ஆரியபடர் 499-ஆம் ஆண்டில் இயற்றிய நூலிலேயே கூறிவிட்டார். இராகு கேதுக்களைச் சாயா கிரகம் என்று வழங்குவதும் நம்மவரே. சாயை என்பது நிழல். கணிதநூலார்க்கு அவை சூரியநெறியும் சந்திரநெறியும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு இடங்கள். பஞ்சாங்கங் கணிப்போர் அக்கணக்கைக் கொண்டே கிரகண நாழிகை குறிக்கின்றனரன்றிப் பாம்பின் பசியைக் கொண்டன்று. காட்சிக்கும் கருதலுக்கும் உரிய பொருளில் உரையளவையை வலிந்து புகுத்துவோர் உரைக்கே இழுக்குத் தேடுவோராவர். அவ்வளவை காட்சியும் கருதலும் செல்லமாட்டாத இடத்துக்கு உரியது. அற்றேல், கிரகண காலத்து நீராடலும் செபமும் ஒழிக எனலாமோ எனின், ஆகாது. அவை பாம்பை விரட்டுதற்குரியன அல்லவாகலின், பாம்பு இல்லையாயினும் அவற்றுக்குக் குறைவில்லை. சிறுவன் மறைகண்ணாடி கொண்டு கிரகணத்தையும் கண்டான். பின்னர்ப் பாட்டியாரோடு நீராடித் திருவைந்தெழுத்தும் ஓதினான்.

கல்லின்மேற் பாலை ஊற்றுவதேன், சாமி குடிக்குமா என்பது மற்றொரு வினா. குடிக்கும் என்பது பொய். கேளாதே என்பது கொடுமை. முதல்வன் எங்கும் நிறைந்தவனாயினும் ஏனையிடத்துப் பாலில் நெய்போல் விளங்காது நிற்பன், திருக்கோயிற் றிருமேனியிடத்தும் அடியார் வேடத்தும் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என்பது பன்னிரண்டாஞ் சூத்திரத்து வைத்து உணர்த்தப்பட்டது. அன்னையை அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணம் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் கொணரச் செய்து, மத்தைக் கையிற் கொடுத்துக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். அவ்விடத்தே அவன், பசித்த பிள்ளைக்குப் பாலைக் கொடுத்தால் ஆகாதோ என்று வினவுதலும் கூடும். வினவினால் மகிழ்க. கோயிலிலுள்ள இறைவனுக்கு இடுவது நடமாடும் அடியார்க்குச் சென்று சேராது, அடியார்க்கு இடுவதோ இறைவனைச் சேரும் என்று திருமூலர் அருளினார். அவ்வினா நாத்திகமாயின் திருமூலரையும் நாத்திகரென்ன வேண்டிவரும்.

உலகைக் கடவுள் படைத்தார் எனின், கடவுளைப் படைத்தவர் யார் என்பது யாவரும் அஞ்சும் வினா. இதற்கு அஞ்சவேண்டுவதில்லை, முதற்சூத்திரமே இதனை எதிர்நோக்கி நிற்கின்றது. உள்ளதெல்லாம் படைக்கப்பட்டது என்று மெய்கண்டதேவர் யாண்டும் கூறிற்றிலர். தோன்றி நின்று அழிவதற்குத் தோற்றுவிப்போன் வேண்டும் என்பதே அவர் கொண்ட ஏது. குடம் தோன்றுவது, ஆதலாற் குயவன் வேண்டும். தோற்றமில்லாப் பொருளுக்கு அவ்வேது செல்லாது. குயவன் மண்ணைப் படைப்பானல்லன் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். மண்போல் மாயை முதற்காரணம், திரிகைபோற் சத்தி துணைக்காரணம், குயவன்போல் இறைவன் நிமித்தகாரணம். இல்லாததிலிருந்து உலகம் வந்ததென்று கூறும் சமயத்தார்க்குள்ள இடர்ப்பாடு நமக்கில்லை. ஆயினும் ஒன்று. உலகம் முழுவதும் ஒருகாலத்து ஒருங்கே ஒடுங்கித் தோன்றும் என்பதை மீமாஞ்சகர் உடன்பட்டிலர். கூரிய மாணவனும் உடன்படாதொழியலாம். அப்பொழுது அவனை வாயடைத்தல் தகாது. பகுதி பகுதியாக அழியக் காண்கின்றமையின் முழுவதற்கும் அழிவு கருதப்படும் என்னும் விடையைச் சொல்லி, அதன் வலிமையை அவனே நிறுத்துப் பார்க்க விடுதல் வேண்டும்.

மறுப்போன் கூற்றைப் பிள்ளைகள் செவியிற் படாமற் காத்தலே சமயங் காத்தலென்று கருதுவார், சித்தியார்ப் பரபக்கத்தை எடுத்துப் பார்ப்பாராக. அங்கே முதலில் வந்து பேசுபவன் உலோகாயதன். காட்சியொன்றே அளவை, உடலின் வேறாய் உயிரில்லை, வினையில்லை, மறுமையில்லை என்று அவன் தன் கட்சியை அஞ்சாது உரைக்க, ஆசிரியர் இடமளித்துப் பின்னரே மறுக்கின்றார். சௌத்திராந்திகன் முதலிய புத்தர் நால்வர், நிகண்டவாதி, ஆசீவகன் என இவ்வாறு பதினான்கு கட்சிகள் வருகின்றன. மாற்றான் சொல்லை முழுதுங் கேட்டபின் விடை கூறுதல் நம் ஆசிரியர் வழக்கு. ஆதீனங்களிற் பரபக்கம் பாடஞ் சொல்வார் அருகிவருகின்றமையை யாம் பெரிய நட்டமாகவே எண்ணுகின்றோம். வீதியில் இன்று உலோகாயதனுக்கு விடை தேடும் இளைஞன் பலன். அவனுக்கு நாம் தருவது விழாமலர்.

மற்றொரு சாராரும் உளர். பிள்ளைக்கு எச்சமயமும் கற்பியாது விட்டுப் பதினெட்டாண்டு நிரம்பியபின் அவனே தேர்ந்துகொள்ள விடுவதே அறிவுக்கொத்தது என்பர். இது செவிக்கினிது. ஆயின் மொழியை அங்ஙனம் விட்டுவைப்பாருளரோ? ஒன்றையும் சுவைத்தறியாதவன் எதனைத் தேர்வான்? சரியை முதலாகிய நெறி கையும் காலும் நாவும் பழகும் பழக்கத்திற் றொடங்குவது. விளக்கிடுதல், பூத்தொடுத்தல், பண்ணோடு பாடுதல் என்பன இளமையிற் படிந்தாலன்றிப் பின்னர் எளிதிற் படியா. பழக்கம் முன்னும் ஆராய்ச்சி பின்னுமாக வருதலில் முரண் இல்லை. பழக்கத்தைக் காட்டி ஆராய்ச்சியைத் தடுத்தலே முரண்.

ஆராய்ந்தபின் அவன் நம்மை விட்டு நீங்கினால் என் செய்வது? இதுவே பெற்றோரின் உள்ளச்சம். இதனை மறைத்துப் பயனில்லை. மருணீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனராய் உயர்ந்தபொழுது திலகவதியார் தம்பியைச் சபித்திலர், வழக்காடவும் போந்திலர். திருவதிகையிற் றிருவலகிட்டு மெழுகித் தம் தொண்டைச் செய்துகொண்டு பெருமானிடம் முறையிட்டிருந்தார். சூலைநோயால் வருந்தித் தம்பியார் இரவில் வந்தடைந்தபோது, அன்றே சொன்னேன் என்னாது திருநீறு அளித்தார். கதவு அடைக்கப்படாதிருந்தமையால் நமக்கு நாவுக்கரசர் கிடைத்தனர்.

மெய்கண்டாரிடத்து அருணந்தியார் உபதேசம் பெற்ற வரலாற்றையும் நாம் அடிக்கடி பேசுகின்றோம். குலகுருவாகிய முதியவர் ஒரு குழந்தையின் முன் சென்று, ஆணவத்தின் இயல்பு யாதென்று வினவ, அக்குழந்தை அவரையே நோக்கியதென்பது மரபு. அவர் சினந்து போகாமல் மாணாக்கரானார். பின்னர் வினாக்களே நிறைந்த இருபா இருபஃது என்னும் நூலையும் செய்தார். மனையிலே பேரன் கேள்விக்கு முகஞ்சுளிக்கும் நமக்கு இவ்வரலாறு சிறிது உறுத்துதல் வேண்டும்.

சிறார்க்குத் தொடக்கப்பாடமாக யாம் கொள்வது மூன்றாஞ் சூத்திரம். பதியைப் பற்றிய வாதம் அவர்க்குத் தொலைவிலுள்ளது; தன்னைப் பற்றிய வாதமோ கைக்கு எட்டியது. பிள்ளையை அருகிருத்தி, இது யாருடைய கை என்று வினவுக. என் கை என்பான். கண்ணும் செவியும் அவ்வாறே. உடல் யாருடையது எனின், என் உடல் என்பான். என் சட்டை என்னுங்காற் சட்டையின் வேறாய் நீ இருத்தல்போல, என் உடல் என்னும் நீ யார் என்று கேட்டு, விடையைச் சொல்லிவிடாது சிறிது பொறுத்திருக்க. பின்னர், மாம்பழத்தின் நிறத்தைக் கண் அறியும், சுவையை நா அறியும், ஒன்றறிவதை மற்றொன்று அறியாதிருக்க, இம்மஞ்சட்பழமே இனிக்கின்றது என்று இரண்டனையுங் கூட்டி அறிந்தது எது என்று வினவுக. அதன்பின் கனவைக் கேட்க. உடல் பாயிற் கிடக்க, ஓடியும் அஞ்சியும் அழுதும் திரிந்தவன் யார்? இவற்றுள் ஒன்றும் நம்பச் சொல்வதன்று. எல்லாம் அவன் காட்சியிலிருந்தே எடுக்கப்பட்டன.

இப்பாடத்தை யாம் பலமுறை நடத்தியுள்ளோம். பெரும்பாலான பிள்ளைகள் கனவைக் கேட்டவுடன் பேச்சற்றுப்போவர். ஒரு சிறுமி மட்டும், கண்டது நான் அன்று, என் மனம் என்றாள். என் மனம் என்றாயே, அந்த நீ யார் என்றோம். அவள் சிரித்து, மனத்தை விட்டுவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாதே, அப்புறம் நான் எதற்கு என்று கேட்டாள். உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று, அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி அறிவது என்பது இதற்கு விடை. அது நான்காஞ் சூத்திரத்துப் பொருளாகலின் அடுத்த திங்கட்பாடத்திற்கென வைத்தோம். அதுவரை பொறாது அவள் இருமுறை ஆள்விட்டுக் கேட்டாள்.